வாரேன் என்றால் தோல்வியா?

ஏனுங்க,

இன்று பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன். காளப்பநாயக்கன்பட்டி வாத்தியார் எதிரில் வந்து கையை நீட்டினார். "ஐயோ, உங்ககிட்ட கை குடுத்தா தோத்ததா ஆயிருமுங்க" என்றேன். சந்தையே திரும்பிப் பார்க்கும்படி இருவரும் சிரித்தோம். நீங்கள் கண்மூடிய பிறகு நான் அப்படிச் சிரித்தது இதுதான் முதல் தடவை.

அன்று நாமக்கல் சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்று, நினைவிருக்கிறதா? எதிரில் இதே வாத்தியார், வருடா வருடம் உங்களைத் தோற்கடித்து மலையேற்றி அனுப்பியவர். இந்தத் தடவையும் தோற்றால் பலகையைத் தொடவே மாட்டேன் என்று சபதம் வேறு போட்டிருந்தீர்கள். உங்களுக்குக் கறுப்புக் காய்கள். சிசிலியன் டிராகன் என்ற தற்காப்பு முறையில் ஆடினீர்கள். பேருக்குத்தான் அது தற்காப்பு. பாய்ந்து அடிக்காவிட்டால் நம் ராஜா காலி. அதற்காக மழைக்காலம் முழுக்க என்னை எதிரில் உட்கார வைத்து, அடுப்பில் குழம்பைத் தீய விட்டவர் நீங்கள்.

யானையைக் கொடுத்து அவர் குதிரையை வெட்டினீர்கள். பிறகு கடிகாரத்தை அமுக்கிவிட்டு எழுந்து, "வாரேனுங்க" என்று கையை நீட்டினீர்கள். தண்ணீர் குடிக்கப் போகிற மனுஷனுக்கு எதற்கு இத்தனை மரியாதை! ஆட்டத்தின் நடுவே கை நீட்டினால் தோற்றேன் என்று அர்த்தமாயிற்றே. யானை போனதும் தோல்வியை ஒப்புக்கொண்டீர்கள் என்று நினைத்து, வாத்தியார் கையைக் குலுக்கிக் கடிகாரத்தையும் நிறுத்திவிட்டார்.

நடுவர் ஓடி வந்தார். நீங்கள் பதறவே இல்லை.

"தோத்திருந்தா போறேன்னு சொல்லியிருப்பனுங்க. வாரேன்னுதானுங்களே சொன்னேன்?"

வாத்தியாரும் நம் பக்கத்து மனுஷர்தானே. தலையைச் சொறிந்துகொண்டு, "அதுவும் சரிதானுங்க" என்றார். ஆட்டம் தொடர்ந்தது. மூலையில் பதுங்கியிருந்த உங்கள் மந்திரி குறுக்கே பாய்ந்து அவர் ராஜாவைச் சுற்றியிருந்த அரணைப் பிளந்தது. இம்முறை கை நீட்டியது வாத்தியார், அது தோல்வியேதான்.

மலையேறும் பஸ்ஸில் கண்டக்டர் கோப்பையைப் பார்த்து, "யாருங்க ஜெயிச்சது?" என்று கேட்டார்.

"நாங்க ஜெயிச்சமுங்க" என்றீர்கள்.

அந்த மண்டபத்தில் நான் ஒரு சிப்பாயைக்கூடத் தொடவில்லை. சந்தோஷம் தாங்காமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போதும் யார் எது கேட்டாலும் என் வாயில் அந்த "நாங்க"தான் வருகிறது. நாங்க குச்சிக்கிழங்கு நட்டுட்டமுங்க, நாங்க கூரை மாத்திட்டமுங்க. தனி ஆள்தானே என்று யாராவது திருத்த வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.