மேடத்திடம் நான் சொன்ன பதில்

வைகாசி, வியாழன் இரவு. வளப்பூர்.

சாயங்காலம் கல்லூரியிலிருந்து இயற்பியல் மேடம் கூப்பிட்டார். வானியல் ஆய்வகத்தில் ஆறு வாரக் கோடைப் பயிற்சிக்கு எங்கள் வகுப்பில் என்னை மட்டும் எடுத்திருக்கிறார்களாம். அப்பா சம்மதக் கையெழுத்துப் போட்டால் போதும்.

அப்பா போனை என் கையிலிருந்து வாங்கினார். "ராவெல்லாம் முழிச்சு நட்சத்திரம் பார்க்கற வேலைக்குப் பொட்டப்புள்ளய அனுப்ப முடியாதுங்க. அவளுக்கே இஷ்டமில்லீங்க," என்றார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். "நீயே சொல்லு கண்ணு."

அதட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டு எத்தனையோ நாளாகிறது. மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிரவே இல்லை.

"நான் வரலீங்க மேடம்," என்றேன்.

பாதி வேலை பகலில் கணினி முன்னால்தான் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

மேடம் மெதுவாக, "நாளை மதியம் வரை உன் பேரை எடுக்கமாட்டேன்மா," என்றார். அது அப்பாவுக்குக் கேட்கவில்லை.

போனை அப்பா தன் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்துவிட்டார். காலையில் முதல் பஸ் பிடித்து நேரில் போய், எனக்கு வர ஆசைதான் என்று மேடத்திடம் சொல்லிவிடலாம். ஆனால் மிளகு விற்க அப்பாவும் அதே பஸ்ஸில்தான் மலையிலிருந்து இறங்குகிறார்.