பித்தளைத் தகடும் முழங்கால் மெத்தையும்

ஜூலை 7, திங்கள்

இன்று வரலாறு என் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது, ஓட்டல் மேலாளர் உருவில். அவர்கள் முன்கூடத்துச் சோபாக்கள் எல்லாவற்றுக்கும் புது மெத்தையும் உறையும் தைக்க வேண்டுமாம். உலகம் முழுக்கத் தேடி, கடைசியில் சோபா சக்கரவர்த்தியாகிய என்னிடம் வந்திருக்கிறார்கள். அதைவிட முக்கியம்: ஒவ்வொரு சோபாவின் முதுகிலும் பித்தளைத் தகட்டில் என் பெயர் இருக்கும். மன்னர்கள் கல்லில் வெட்டிக்கொண்டார்கள். பாவம், கல்லில் யார் சாய்ந்து உட்காருவார்கள்?

கடையில் என்னோடு வேலை செய்யும் மச்சினன் சொன்னான்: "முதுகுப் பக்கம் வச்சா சுவருதான் படிக்கும், அத்தான்."

பொறாமை.

சாப்பிடும்போது மனைவி கேட்டாள்: "கோயில்ல ஜெபத்துக்கு மண்டி போட முழங்கால் மெத்தை தச்சுத் தர்றேன்னு போதகர்கிட்ட சொன்னீங்களே, அது என்னாச்சு?"

சொன்னேன்தான். சபை முழுக்கக் கேட்கச் சொன்னேன். கை தட்டுவார்கள் என்று நினைத்தேன். தட்டவில்லை. அதனால் மறந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

மாதிரிக்கு ஒரு முழங்கால் மெத்தை தைத்தேன். மேகத்தைப் பிடித்து உறை போட்டது போல இருந்தது. என் கடையில் ஒரு சட்டம் உண்டு: நானே உட்கார்ந்து ஒரு டீயை நிதானமாகக் குடித்து முடிக்காத எந்த இருக்கையும் வாசலைத் தாண்டாது. இதில் உட்கார முடியாதே. மண்டியிட்டேன்.

மெத்தை ஒரே அமுங்காக அமுங்கி, அடிப்பலகை என் முழங்கால்களை வரவேற்றது. நான் போட்ட சத்தத்தில் அடுத்த ஊரில் ரயில் நின்றிருக்கும்.

"என்ன அத்தான், மனந்திரும்பிட்டீங்களா?"

"ஃபோம் தப்புடா. தூக்கி விடு."

காலமெல்லாம் உட்காருகிறவர்களுக்கே தைத்தவன் நான். உட்காருகிறவனின் பாரம் பரவி இறங்கும். மண்டியிடுகிறவன் தன் மொத்தப் பாரத்தையும் இரண்டு முழங்கால்களில் இறக்குகிறான். சோபா ஃபோம் அதைத் தாங்காது. இது எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று? கடைசியாக நான் எப்போது மண்டியிட்டேன்? கட்டிலுக்கடியில் உருண்ட திருகாணியைத் தேடியபோது.

ஜூலை 10, வியாழன்

கெட்டி ஃபோம் வைத்த மெத்தையோடு கோயிலுக்கே போனேன். பெருக்குகிற அம்மாவைத் தவிர யாரும் இல்லை. மண்டியிட்டேன். முழங்காலுக்கு வேலை இருந்தது, வாய்க்கு இல்லை. என் வாய் சும்மா இருந்து பழகாதது. சரி, வந்தது வந்தோம் என்று ஆண்டவரிடம் பேசினேன். ஓட்டல் வேலை சிறக்க வேண்டும். பித்தளை எழுத்துகள் தடிமனாக இருக்க வேண்டும். அடுத்த தெருவில் என் பரம எதிரி, ஸ்பிரிங் மாஸ்டர் என்கிற மெத்தைக்காரர், அதைப் பார்த்துச் சோறு இறங்காமல் தவிக்க வேண்டும்.

கேட்டு முடித்தேன். இதெல்லாம் கிடைத்தால் அப்புறம் என்ன என்று ஒரு கேள்வி. சத்தியமாக நான் கேட்கவில்லை.

மெத்தை சரியாக இருக்கிறது. மற்றது சரியில்லை.

ஜூலை 14, திங்கள்

ஓட்டலில் முதல் வேலை, சோபாக்களில் இருக்கும் பழைய தகடுகளைக் கழற்றுவது. தகட்டில் ஸ்பிரிங் மாஸ்டரின் பெயர். முதுகின் கீழோரத்தில் திருகியிருந்தார்கள். திருப்புளியோடு எதிரியின் பெயருக்கு முன்னால் மண்டியிட்டேன், சோபா சோபாவாக.

"நல்லாத்தானே இருக்கு சார், ஏன் மாத்துறீங்க?" என்று மேலாளரைக் கேட்டேன்.

"கலர் போரடிச்சிடுச்சு."

"அப்போ என் பேரு எவ்வளவு நாள் இருக்கும்?"

"அடுத்த கலர் வர்ற வரைக்கும்" என்றார், போனைப் பார்த்துக்கொண்டே.

தையலைத் தடவிப் பார்த்தேன். மனுஷன் என்னைவிட நன்றாகத் தைத்திருக்கிறார். இதை வெளியே சொன்னால் நான் நானில்லை.

ஜூலை 15, செவ்வாய்

தகடுகளைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்பிரிங் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். ஆறுதல் சொல்லவா, வெறுப்பேற்றவா? போகிற வழியில் முடிவு செய்துகொள்ளலாம் என்றிருந்தேன். வழி போதவில்லை.

கை நடுங்குகிறது அவருக்கு. கடையை மூடிவிட்டாராம். எனக்குத் தெரியவே தெரியாது.

"வாங்க சக்கரவர்த்தி. என்ன மூட்டை?"

"உங்க பேருங்க."

ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு குனிந்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் செருகினார். மேசை நின்றது.

"இன்னிக்குத்தான் இது ஒரு வேலைக்கு ஆச்சு."

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் முதலில் நிறுத்தினார். "அதெல்லாம் நான் தச்சதுன்னு இப்ப உங்களுக்கு மட்டும்தான் தெரியும், இல்ல?"

மிச்சத் தகடுகளை மேசைமேல் அடுக்கினேன். அது போயும் போயும் யாருக்குத் தெரிந்திருக்கிறது? எனக்கு.

ஜூலை 17, வியாழன்

மறுபடி கோயில். மெத்தை கொண்டுபோகவில்லை. வெறும் பலகை. வலித்தது, இருந்தேன்.

ஆண்டவரே, எம் பேரு இல்லாம போயிடுமேன்னுதான் பயம். வேற ஒண்ணுமில்ல. இவ்வளவு சத்தமா பேசுறதெல்லாம் அதுக்குத்தான் —

அழுதேன் என்று எழுதினால் அளக்கிறான் என்பார்கள். அளக்கவில்லை. இன்று மட்டும்.

எனக்காகச் சிலுவையில் தொங்கியவர் என் பெயரை எந்தத் தகட்டையும் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. சின்ன வயதிலிருந்து கேட்ட சங்கதிதான். இன்றுதான் உள்ளே இறங்கியது. அந்தப் பெருக்குகிற அம்மா என்னைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார்.

ஜூலை 18, வெள்ளி

மேலாளரிடம் சொன்னேன்: சோபா தைத்துத் தருகிறேன், தகடு வேண்டாம்.

"ஏன் சார், எழுத்து சின்னதா இருக்கா?"

"பித்தளை உடம்புக்கு ஒத்துக்கல" என்றேன்.

மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

முழங்கால் மெத்தைகள் எல்லாம் கோயிலுக்குப் போய்விட்டன. ஸ்பிரிங் மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். "கோயில் பக்கம் வந்து வருஷக்கணக்காச்சு, நான் உள்ள வந்தா கூரை இடிஞ்சிடும்" என்றார். கூரைக்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன்.

ஜெபத்துக்கு எல்லோரும் மண்டியிட்டபோது அவர் மெத்தையின் ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தார்.

"மூலையில தையல் தளர்வா இருக்கு."

"பேசாம மண்டி போடுங்க."

போட்டார். கைகளைக் கோத்தார். கோத்ததும் நடுக்கம் நின்றுவிட்டது என்று எழுத எனக்கு ஆசை. நிற்கவில்லை. ஆனால் உதடுகள் அசைந்தன.

ஜெபம் முடிந்து எல்லோரும் எழுந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் எழவில்லை. நான் மறுபடி அவர் பக்கத்தில் மண்டியிட்டேன். எழும்போது பிடித்துக்கொள்ள அவருக்கு ஒரு தோள் வேண்டியிருக்கும்.