காப்புக் கட்டிய ஜீப்

கெமாஸ்,
சனிக்கிழமை பிற்பகல்

அன்பு மகள் விமலாவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் மழை வருவதை வானொலிக்கு முன்பே சொல்லிவிடுகிறது. கிளாஸ்கோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் கேட்டுக்கொண்டேன். அவளுக்குக் குளிர் பழக்கமில்லை என்பதால் கொஞ்சம் விளக்கியும் சொன்னேன். இதையெல்லாம் போனில் சொல்லலாம், ஆனால் நீ நடுவில் சிரிப்பாய், நான் கோபப்படுவேன், அதனால் எழுதுகிறேன். வெளியே தூறல். செம்பனை மரங்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல் தெரிகின்றன.

அங்கே பழைய வண்டிகளை உடைக்கும் இடத்தில் தேடி நீ அனுப்பிய லிவரும் கம்பியும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அவற்றைச் சுற்றியிருந்த உன் பழைய ஸ்வெட்டரைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். எதற்கு இந்த அவசரம் என்று கேட்டாய், அப்போது நான் பதில் சொல்லவில்லை. போன வருடத் திருவிழாவில், அப்பா இல்லாத முதல் திருவிழா அது, கோயிலுக்குக் கீழே இருக்கும் செம்மண் ஏற்றத்தில் நம் ஜீப் ரதத்தோடு நின்றுவிட்டது. ஒரே ஒரு சக்கரம் மட்டும் கிறுகிறுவென்று சுற்றி, அம்மனின் பட்டுப்பாவாடை வரைக்கும் சேற்றை வாரி அடித்தது. கடைசியில் ஆண்கள் வடம் போட்டு இழுத்தார்கள். என் முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்னதானப் பந்தியில் எனக்குப் பின்னால் இருந்த ஒருத்திதான், தாலி இல்லாத வீட்டு வண்டி, ஆத்தாளுக்கே இஷ்டமில்ல போல, என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ரசம் நன்றாக இருக்கிறது என்று பரிமாறியவரிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். இந்த வருடம் கோயில் தலைவர் தங்கராஜு வீட்டுக்கு வந்து மிகுந்த மரியாதையோடு, டீச்சர், பஹாவ்ல ஒரு ஃபோர் வீல் வாடகைக்கு வருதாம், உங்களுக்கு ஏன் சிரமம்லா, என்றார். அப்பா வாங்கிய நாளிலிருந்து அம்மனை அந்த ஜீப்தான் மேலே கொண்டுபோயிருக்கிறது. அது இயந்திரத்தின் குறை, மனுஷியின் குறை அல்ல, இந்த ஒரு முறை விடுங்கள், ஏற்றத்தில் நின்றால் இனி என் வாசலுக்கே நீங்கள் வர வேண்டாம் என்றேன்.

லோபாக்கில் சித்திக்கின் வொர்க்ஷாப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். வண்டியின் நடுவே ஒரு டிஃப்ரன்ஷியல் இருக்கிறது, முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். ஒரு சக்கரம் வழுக்கினால் அத்தனை விசையும் அந்தப் பக்கமே ஓடிவிடுகிறது, வீட்டில் அழுகிற பிள்ளைக்கே எல்லாம் கிடைப்பதுபோல. அதைப் பூட்டிவிட்டால் முன்னும் பின்னும் சேர்ந்துதான் சுழல வேண்டும். நம் வண்டியில் பூட்டு உள்ளேயே இருக்கிறது, அதை இழுக்கும் கம்பியும் லிவரும்தான் இல்லை. சித்திக் முதலில் கம்பியின் நீளம் பொருந்தவில்லை என்று லேசாக வளைத்து மாட்டினான். கழற்று, முனையில் மரை இருக்கிறது, திருகினால் நீளம் சரியாகும், வண்டியின் பழுதுபார்ப்புப் புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது என்றேன். ஆன்ட்டி, நீங்க எனக்கு வாத்தியாரா வந்திருந்தா நான் மெக்கானிக்கே ஆகியிருக்க மாட்டேன், என்றான். ஆனால் கழற்றினான். லிவரை இடப்பக்கம் தள்ளியதும், பூட்டு விழுந்ததைக் காட்டும் மஞ்சள் விளக்கு ஸ்டியரிங்குக்கு முன்னால் எரிந்தது. பகல் வெளிச்சத்தில் அது கனவில் பார்க்கும் விளக்கு மாதிரி இருந்தது. அப்பாவைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன்.

நேற்று விடியும்போது ரதம் ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பியது. மாமாவின் மகன் யோகேந்திரன் ஓட்டினான், நான் பக்கத்தில். பனி இறங்கி, ரதத்தின் விளக்குகள் எல்லாம் பாலில் விழுந்ததுபோல் இருந்தன, நாதஸ்வரம் எங்கிருந்தோ வந்தது. தார் ரோட்டில் பூட்டக் கூடாது, வண்டி திரும்ப அடம்பிடிக்கும், அதனால் ஏற்றம் வரும்வரை லிவரை யாரும் தொடவில்லை. செம்மண்ணில் ஏறியதும் தள்ளு என்றேன். அத்தை, போகமாட்டேங்குது, என்றான். விளக்கு எரியவில்லை. சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. பின்னால் யாரோ, ஆரம்பிச்சிருச்சுலா, என்று சிரித்தார்கள். குனிந்து பார்த்தேன். அம்மனை இழுக்கும் வண்டிக்கும் காப்புக் கட்டுவது நம் தோட்டத்து வழக்கம் என்பது உனக்குத் தெரியும், எப்போதும் ஸ்டியரிங்கில் கட்டுவார்கள். இந்த முறை பூசாரி, புது லிவராச்சே என்று அதன் அடியில் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார், கட்டைவிரல் பருமனில் மஞ்சள் கிழங்கும் சேர்த்து. அது லிவர் நகர வேண்டிய இடத்தில் ஆப்பு மாதிரி உட்கார்ந்திருந்தது. பூசாரி ஓடிவந்து, கொடி இறங்குற வரைக்கும் அவுக்கக் கூடாதும்மா, என்றார். தங்கராஜு, விடுங்க டீச்சர், வடம் போட்டுக்கலாம், என்றார். அப்பா போன அன்று என் மஞ்சள் கயிற்றை மற்றவர்கள் அறுத்தார்கள், யாரும் என்னைக் கேட்கவில்லை. இதை நானே கைப்பையிலிருந்த கத்தரிக்கோலால் அறுத்தேன். மேளம்கூட நின்றுவிட்டது. விளக்கு எரிந்தது. நான்கு சக்கரங்களும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு நடப்பதுபோல் மெல்ல மெல்ல ஏறின, ஒரு பிடி சேறு பறக்கவில்லை. ஏறுகிறோம் என்பதே தெரியவில்லை, பனிதான் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

மேலே போய் நின்றதும் பூசாரி அறுந்த காப்பைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். கீழே போடவும் முடியாது, ஒருமுறை அறுத்த வண்டியில் திரும்பக் கட்டவும் முடியாது. நான் கையை நீட்டினேன். அவர் தங்கராஜுவைப் பார்த்தார். தங்கராஜு ரதத்தின் சக்கரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கட்டுங்க, டீச்சரம்மா கையில கட்டுங்க, என்றார். எல்லோர் முன்னிலையிலும் கட்டினார். பந்தியில் பேசியவளும் அங்கேதான் நின்றாள்.

ஆகவே சிரம்பானில் ரத்தச் சோதனைக்கு நீ வாங்கி வைத்த திங்கட்கிழமை நேரத்தை மாற்றிவிடு. காப்புக் கட்டியவர்கள் கொடி இறங்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. டாக்டரிடம் காரணத்தை அப்படியே சொல், வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நீடூழி வாழ்க. பேரனுக்குத் தினமும் ஒரு பக்கம் தமிழ் படித்துக் காட்டு, ஒருநாளும் விடாதே.

கையில் மஞ்சள் வாசத்தோடு,
உன் அம்மா
குமுதவல்லி