சாக்பீஸ் கோடு

தம்பி,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. பிசியோ அம்மா பத்து மணிக்கு வந்து திறந்துகொள்வார். நீ எழுந்து போகாதே.

மூன்று வாரம் கழித்து நேற்று முழங்காலை அளக்க வந்த அந்தம்மாவிடம் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். "கோடு தினமும் பின்னாடி போகுது, உங்க அளவுதான் தப்பு"ன்னாய். அளவு சரிதான். உன் முழங்கால் அன்றைக்கு மடங்கின அளவுதான் இன்றும் மடங்குகிறது.

முட்டிச் சில்லை அசைத்துவிட்டு, உன்னை நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்தைப் பின்னால் தள்ளி முப்பது எண்ணும்வரை பிடிக்கச் சொல்லி என்னிடம் விட்டுப்போயிருந்தார். ஏழு எண்ணுவதற்குள் "அக்கா, விட்டுடுக்கா"ன்னு அழுவாய். நானும் விட்டுவிடுவேன். குதிகால் எட்டின இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டால், முந்தின நாள் கோட்டின் மேலேயே விழும். உன் முகம் செத்துப்போகும். அதைப் பார்க்கமுடியாமல், நீ எழுவதற்கு முன்பே தினமும் நாற்காலியை ஒரு விரற்கடை பின்னால் தள்ளிவைத்தேன். அதனால்தான் கோடு நகர்ந்தது.

நீயோ அதை நம்பி, அடுத்த மாதம் ஏணி ஏறிடுவேன் என்று பெயிண்ட் மேஸ்திரிக்கு வாக்குக் கொடுத்துவிட்டாய்.

இனி மயக்கம் கொடுத்துத்தான் மடக்கவேண்டியிருக்கும் என்று வாசலில் வைத்துச் சொன்னார் அந்தம்மா. நாற்காலி விஷயத்தை அவரிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு வாய் வரவில்லை.

அக்கா

சாப்பிட்ட பிறகு மாத்திரையைப் போடு.

இன்றைக்கு நாற்காலியைத் தள்ளவில்லை. தள்ளத்தான் போனேன். அது சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது.