பெயர் கசிந்த வழி

துர்க்மெனாபாத்

அன்புள்ள ஒதில், முதுகுவலி குறைந்ததா? நம் மகள் சாப்பிடுகிறாளா? நான் நலம்.

நேற்று இணைய நிறுவனத்து ஆள் வீட்டுக்கே வந்துவிட்டான். "அக்கா, தடை செஞ்ச வீடியோ கால் தளத்துக்குப் போறீங்களாமே?"

"விரல் தவறி அடிச்சிருப்பேன், தம்பி."

"தினமுமா தவறும்? அடுத்த தடவ நான் வரமாட்டேன். வேற ஆளுங்க வருவாங்க."

அவன் போனதும் லினக்ஸ் கணினியைச் சோதித்தேன். நம் பேச்செல்லாம் வி.பி.என். என்ற மறைவழிக்குள்தான் போயிருக்கிறது. தளத்தின் பெயரைச் சொல்லி முகவரி கேட்கும் டி.என்.எஸ். கேள்வி மட்டும் நேராக அந்த நிறுவனத்திடமே போயிருக்கிறது! அதையும் வி.பி.என்.னுக்குள் திருப்பினேன். வி.பி.என். அறுந்தால் எதுவுமே வெளியே போகாதபடி அடைத்தேன். இருமுறை சோதித்தேன்; கசிவில்லை.

இந்தக் கடிதத்தை எல்லை தாண்டி உங்களிடம் கொண்டுவரும் லாரிக்காரர் அவசரப்படுத்துகிறார். அவரிடம் கொஞ்சம் உலர்தயிர் உருண்டை கொடுத்தனுப்புங்கள், மகளின் புதுப் படமும்.

ஞாயிறன்று அழைப்பேன். அழைக்காவிட்டால், நீங்கள் என்னை அழைக்க வேண்டாம்.

உங்கள் சுல்ஹுமோர்