கேற்றைத் தாண்டிப் போன பிக்கப்

ஆவணி, ஞாயிறு இரவு

எரிச்சலில் நித்திரை வருகுதில்லை.

கருவாடு ஏற்றுகிற லொறிக்காரன் தான் நினைத்த நாளில்தான் வருவான். போன கிழமையும் என் கருவாடு முற்றத்தில் நனைந்து பழுதாய்ப் போனது. அதனால்தான் ஒரு பிக்கப் வாங்க நினைத்தேன். இன்று முசலியிலிருந்து ஒருவர் தன்னுடையதைக் காட்டக் கொண்டுவந்தார்.

பூசை முடிந்து வந்த அண்ணாவும், அக்காவின் புருசன் அத்தானும் பொனட்டைத் திறந்தார்கள்.

"இதுவரைக்கும் செய்த பிக்கப்புகளிலை மோசமானது இதுதான்," என்றார் அண்ணா.

"இல்லை மச்சான், நான் வவுனியாவிலை ஓடினதுதான் மோசம். கியர் கையோடை கழண்டு வந்தது," என்றார் அத்தான்.

பொனட்டை மூடிவிட்டு வேலியடிக்குப் போயும் இருவரும் விடவேயில்லை. உப்புக்காற்றில் யாருடையதோ பிக்கப்பின் பின்தளம் உக்கி, ஐஸ்பெட்டி ரோட்டில் விழுந்த கதையும் வந்தது.

"அண்ணா, நான்தானே ஓடப்போறன். ஒருக்கா ஓடிப் பாக்கட்டோ?"

"பொறு பிள்ளை, உனக்கு இதுகள் விளங்காது."

அண்ணாவிடம் வண்டி ஓட லைசனே இல்லை.

வந்தவர் கதிரையிலிருந்து எழும்பினார். "குறை நினையாதேங்கோ தங்கச்சி. கொண்டச்சியிலை ஒராள் கேட்டவர், அவருக்கே குடுக்கிறன்."

திறப்பைத் திருப்பியதும் வண்டி உடனே ஸ்டார்ட் வந்தது. கேற்றடியில் நின்று பார்த்தேன்.

"எங்கை வண்டி?" என்று கதையெல்லாம் முடிந்த பிறகுதான் அண்ணா கேட்டார். நான் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவினேன்.

வங்காலையில் இன்னொரு பிக்கப் விலைக்கு நிற்கிறதாம். நாளைக்கு ஒருவருக்கும் சொல்லாமல் பஸ்ஸில் போகப்போகிறேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் வருகிற எண்ணமில்லை.