குன்னூரில் வீடு பார்த்தது

ஜூன் 19, வியாழன்

காலையிலேயே புழுக்கம். மோட்டார் போட மறந்துவிட்டேன், குழாயில் காத்துதான் வந்தது. வாசல் தெளித்து அரை மணி ஆகவில்லை, திரும்ப மண். குமணன்சாவடி சிக்னலில் நிற்கிற லாரியெல்லாம் எங்கள் ஜன்னலைப் பார்த்துத்தான் புகை விடும்.

சரோஜா நேற்றும் சரியாகத் தூங்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் தெருமுனையில் மாவு மில் ஓட்டினவள். இந்த ஏரியா அரைத்த மிளகாயில் பாதி அவள் நெஞ்சுக்குள்தான். மில்லை மூடி நாலு வருஷம், இருமல் மூடவில்லை.

ரிட்டையர் ஆகிக் கொஞ்ச மாசம் கழித்து ஆரம்பித்தது இந்த ஊர் தேடல். மலை ஊராக இருக்கணும், காலேஜ் இருக்கணும். காலேஜ் இருந்தால் பஸ் இருக்கும், ஆஸ்பத்திரி, மெஸ், வாடகை வீடு எல்லாம் இருக்கும். வெறும் டூரிஸ்ட் ஊர் என்றால் சீசன் முடிந்ததும் நாயும் நாமும்தான். ச. சொல்கிற காரணம் வேறு. "சின்னப் பசங்க சிரிச்சிகினு போறத பாத்துகினு ஒக்காந்திருக்கலாம்." எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை அவள் சொல்லவில்லை, நான் எழுதுகிறேன்.

இதுவரை நான் தனியாகப் போய்ப் பார்த்து, வேண்டாம் என்று அடித்தவை:
ஏற்காடு – பெரிய ஆஸ்பத்திரி என்றால் சேலம் இறங்கணும்.
கொடைக்கானல் – தூரம்.
ஊட்டி – கூட்டம். குளிரில் எனக்கே பல் கிட்டியது.
மிச்சம் குன்னூர். நாளை மறுநாள் ரயில்.

எப்பவும் "நீ பாத்துட்டு வா" என்பாள். இந்தத் தடவை அவளே, "நானும் வரேன் யா."

ஜூன் 20, வெள்ளி

ச.வின் தம்பி தேவராஜ் வந்தான். டீ குடித்தபடி வைத்தியம். "மலக்காத்து பட்டா ரெண்டே மாசம் மாமே. அக்கா ஓடும் பாரு." இதைச் சொல்லாத ஆள் கிடையாது. பால்காரர், மெடிக்கல் ஷாப்காரர், எதிர் வீட்டு அம்மா. நானும்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

எடுக்க வேண்டியது: ஸ்வெட்டர் 2, இன்ஹேலர் 2, பிளாஸ்க், கொரோனா சமயத்தில் வாங்கின, ஆக்சிஜன் பார்க்கிற விரல் மெஷின், கேஸ் லைட்டர் (வேண்டாம், ரயிலில் விடமாட்டான்).

ஜூன் 22, ஞாயிறு. குன்னூர்

சாரல். மூக்கு நுனி ஜில்.

காலேஜுக்குப் பின்னால் சரிவில் வீடு. இரண்டு ரூம், மரத் தரை, ஜன்னலைத் திறந்தால் காலேஜ் கேட் நேராகத் தெரிகிறது. ரோட்டிலிருந்து நாற்பத்திரண்டு படி. எண்ணினேன். அம்பத்தூர் கம்பெனியில் முப்பது வருஷம் வெர்னியர் பிடித்த கை, எதையும் அளக்காமல் விடாது.

ச. பதினொன்றாம் படியில் உட்கார்ந்தாள். இருபதில், முப்பதில், அப்புறம் கணக்கு விட்டுப்போனது. ஹாஸ்டல் பெண்கள் இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். ஒருத்தி பையை வாங்கிக்கொண்டாள், இன்னொருத்தி, "பாட்டி, என் கையப் புடிச்சிக்கோங்க." மேலே போய்ச் சேர்ந்ததும் ச. அந்தப் பெண்ணிடம் என்ன படிக்கிறாய், எந்த ஊர், அம்மா என்ன சமைப்பாள் என்று மூச்சு வாங்க வாங்க ஒரு கேள்வி பாக்கி வைக்கவில்லை.

வீட்டுக்கார அம்மா நல்ல மாதிரி. "காலேஜ்ல முதல் வருஷம் ஆரம்பிக்கப் போகுது, பசங்க கேட்டுட்டே இருக்காங்க. சனிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க சார்."

மெஷின்ல எவ்வளவு என்று கேட்டேன். கையை சால்வைக்குள் வைத்துக்கொண்டு, "தொண்ணூத்தி நாலு" என்றாள். எனக்கு ஏக சந்தோஷம். ஜன்னலுக்குக் கொசுவலை வேண்டாம், ஒரு நாற்காலி போதும் என்று வழியெல்லாம் பேசினேன்.

ஜூன் 23, திங்கள். குன்னூர் பஸ் ஸ்டாண்ட்

மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம். ச. என் தோளில் தூங்குகிறாள். உதடு ஒரு மாதிரி ஊதா. குளிரால் இருக்கும் என்று நினைத்தேன். சும்மா மெஷினை எடுத்து அவள் விரலில் மாட்டினேன். 82.

மெஷின் போச்சு என்று நினைத்து என் விரலில் போட்டேன். 95. திரும்ப அவள் விரல். 83.

மெஷினில் தப்பில்லை.

ஜூன் 25, புதன்

வீட்டுக்கு வந்ததும் 91. நேராகப் பூந்தமல்லி டாக்டரம்மாவிடம். எல்லாம் கேட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் ச.வைப் பார்த்தார். "மலைப் பக்கம் போகாதீங்கன்னு போன வருஷமே சொன்னேனேம்மா. சார்கிட்ட சொல்லலையா?"

ச. புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே காத்து சுத்தம்தானாம், ஆனால் அதில் ஆக்சிஜன் கம்மியாம். நல்ல நெஞ்சுக்கு அந்தக் காத்து மருந்து, இந்த நெஞ்சு அதைத் தாங்காது. இனிமேல் வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைக்கணும். எழுதிக் கொடுத்தார்.



ஜூன் 26, வியாழன்

கேட்டுவிட்டேன். கோபம். டாக்டர் மேல், தேவராஜ் மேல், மலை மேல். இல்லை, அவள் மேல்தான்.

"ஏம்மே சொல்லல?"

"வேலய உட்டு வந்ததுலேர்ந்து செவத்த பாத்துகினு ஒக்காந்திருந்த. இந்த ஊரு தேடுறேன்னு ஆரம்பிச்சப்பறம்தான் சட்டைய இஸ்திரி போட்ட. அத எப்பிடி யா கெடுக்கறது?"

"அப்ப நீ ஏன் கெளம்பி வந்த?"

"ஒரு தபா பாக்கணும்னு தோணிச்சி."

"நான் அந்த வூட்ட எடுத்திருந்தேன்னா?"

"வந்திருப்பேன்."

ரசத்தை அப்படியே கொட்டினேன். ஒன்றரை வருஷமாக நான் அவளுக்காகத் தேடினேன் என்று நினைத்தேன். அவள் எனக்காகத் தேட விட்டிருக்கிறாள்.

ஜூன் 28, சனி

வெயில். காலை பத்து மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை.

வீட்டுக்கார அம்மாவுக்கு போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அப்படியா சார்" என்றார், அவ்வளவுதான். ச. குளித்துக்கொண்டிருந்தாள். வந்ததும் சொன்னேன். சரி என்றாள். துண்டை உதறிக் காயப்போட்டாள்.

சாயங்காலம் தேவராஜ் காரை எடுத்து வந்தான். "செம்பரம்பாக்கம் ஏரிக்கர காத்து போதும்கா, ஊட்டி இன்னா ஊட்டி." போனோம். கரை மேல் ஏறினால்தான் தண்ணி தெரியும். ச. நிமிர்ந்து அந்த மேட்டைப் பார்த்தாள். "நீங்க பாத்துட்டு வாங்க, நான் கார்லயே கீறேன்." அவனை மட்டும் அனுப்பிவிட்டு நானும் காரிலேயே உட்கார்ந்தேன். எதிரே குடோன் சுவர். அதைப் பார்த்துவிட்டு வந்தோம்.

ஜூன் 29, ஞாயிறு

ஆக்சிஜன் மெஷின் வந்தது. ஹாலில் டிவி ஸ்டாண்டை நகர்த்தி இடம். மூக்கில் குழாய், ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம். குழாய் நீளம் ஹாலிலிருந்து சமையல்கட்டு வாசல் வரைதான் வருகிறது. அடுப்புப் பக்கம் போகவே கூடாதாம். அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்ல, நான் சாம்பார் வைத்தேன். "பருப்பு வேகல." "வெந்துச்சு." "வேகல யா." வேகவில்லைதான்.

கரண்ட் போனால் என்ன செய்வது? சிலிண்டர் விசாரிக்கணும்.

ஜூலை 1, செவ்வாய்

மூட்டம். பெய்யவில்லை. பால் திரிந்துவிட்டது.

குன்னூர் அம்மா போன். அட்வான்ஸ் கொடுக்காதவனை எதற்குக் கூப்பிடுகிறார் என்று பார்த்தால், ச. சால்வையை அங்கேயே விட்டு வந்திருக்கிறாள். பார்சல் அனுப்பட்டுமா என்றார். வீடு நாலு பெண்களுக்குக் கொடுத்தாயிற்றாம், முதல் வருஷம் படிக்க வந்தவர்கள்.

ச.விடம் சொன்னேன்.

"சால்வ அங்கியே இருக்கட்டும். அந்தப் பொண்ணுங்க போத்திக்கட்டும்."

கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்டு கிள்ளினேன். கீரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அங்க போயி இருந்தா நான் எத்தினி நாள் தாங்குவேன்னு டாக்டர கேட்டியா?"

"கேக்கல."

"நான் கேட்டேன், போன வருசமே. இங்க இருந்தா எத்தினி, அங்க போனா எத்தினின்னு."

"இன்னா சொன்னாங்க?"

"கரெக்டா சொல்ல முடியாதுன்னாங்க. ஆனா அப்பிடி ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்ல யா."

சனிக்கிழமை வீடு வேண்டாம் என்று போன் போடுவதற்கு முன்னால் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை நான்.